நான் புகழ்ந்த ரேக்

ஐஸ் வைப்பதில் எங்கள் லைனில் எனக்கு இணை யாரும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. தேர்வாய் கண்டிகையில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில், குழாய்களைச் சோதித்துப் பார்க்கும் மேஜையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கேன்டீன்காரரிடம் சாம்பாரைப் புகழ்ந்தால் இன்னொரு வடை வரும். பஸ் டிரைவரிடம், "அண்ணா, நீங்க ஓட்னா தூக்கமே வருது, அவ்ளோ சாஃப்டா கீது" என்று சொல்லி வைத்தால், நான் தாமதமாக ஓடிவரும் நாளிலும் கும்மிடிப்பூண்டியில் வண்டி நிற்கும்.

போன வருடம் என் பெண் பத்தாம் வகுப்புக்குப் போனாள். மாலையில் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மாறிக்கொண்டிருந்தால் சரிப்படாது. எப்போதும் காலை ஷிஃப்டே வேண்டும். அதைப் போட்டுத் தருகிறவர் புதிதாக வந்த இன்ஜினியர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குழாய் நிரப்பிய பெட்டிகளை அடுக்க அப்போதுதான் உயரமான ரேக் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அதைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தார்.

"இத்தினி வருஷத்துல இத யாருமே யோசிக்கலியே சார்! சூப்பரா கீது" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுவாரமே எனக்குக் காலை ஷிஃப்ட் கிடைத்தது.

அந்த ரேக்கில் நான் ஒரு பெட்டிகூட ஏற்றியதில்லை. ஏற்றுகிறவர்களில் ஒருத்தி, ஒரே ஷிஃப்ட் வரும்போதெல்லாம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருபவள். ஒரு நாள் காலை பஸ் ஏறும்போது, கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியாமல் கீழேயே நின்றுவிட்டாள். நான்தான் பிடித்து ஏற்றினேன்.

"இன்னாடி ஆச்சு?"

"நீ சூப்பர்னு சொன்ன ரேக்குதான், வேற இன்னா? இன்ஜினியராண்ட போய்ச் சொன்னா, 'நல்லா இருக்குன்னு சொல்றாங்களே'ன்றாரு. சொன்னது யாரு? நீ ஒருத்திதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாப்பாட்டு நேரத்தில் நானே பெட்டிகளை ஏற்றிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பெட்டிக்கே தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.

நேராக இன்ஜினியரிடம் போனேன். "சார், அந்த ரேக்கு ஒசரம் ஜாஸ்தி. எல்லாருக்கும் தோள்பட்ட போவுது."

"நீங்கதானேக்கா சூப்பர்னு சொன்னீங்க?"

"காலை ஷிஃப்டு வோணும்னுதான் அப்டி சொன்னேன் சார். அப்போ நான் ஒரு பெட்டிகூட தூக்கிப் பாக்கல."

அவர் காது சிவந்துவிட்டது. "சரி, நீங்க போங்க" என்றார். அடுத்த வாரப் பட்டியலில் நான் பழையபடி மாறும் ஷிஃப்டில் இருந்தேன். எதிர்பார்த்ததுதான். பெண்ணிடம் காரணத்தைச் சொன்னேன். "பரவால்லம்மா, நான் படிச்சிக்கிறேன்" என்றாள்.

ஆனால் அதே வாரம் அவர் கையுறை மாட்டிக்கொண்டு ரேக் முன்னால் வந்து நின்றார். எல்லோரும் பார்க்க, பெட்டி பெட்டியாகத் தானே ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சில நாளில் ரேக்கை இடுப்பளவுக்கு வெட்டி இறக்கினார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார்.

"இப்ப எப்படிக்கா இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

"நேத்து ஏத்திப் பாத்தேன், நல்லாகீது சார். அந்த ஓரத் தட்டு மட்டும் இன்னும் ரெண்டு இஞ்ச் எறங்கணும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே குறித்துக்கொண்டார்.