பாம்பு கடிக்கவில்லை

என் அக்காள் மகளைப் பாம்பு கடிக்கவில்லை. அவள் உதட்டுக்குக் கீழே இருந்த இரண்டு துளைகளும் நான் போட்டவை. அது தெரிந்தும் ஆஸ்பத்திரியில் வாய் திறக்காமல் நின்றேன்... அவள் மூச்சுக்குத் தவித்தபோதும்!

சிவகாசியில் எனக்கு ஒரு பியூட்டி பார்லர். காது குத்துவேன், மூக்குக் குத்துவேன். உதட்டில் குத்தியதே இல்லை. கல்லூரியில் படிக்கும் சுகன்யா ஒரு மத்தியானம் வந்து செல்போனில் படம் காட்டினாள். கீழுதட்டின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்கள். பாம்புப் பல் பதிந்ததுபோல் இருப்பதால் ‘ஸ்நேக் பைட்’ என்று பெயராம்.

“வலிக்குமா சித்தி? வீங்குமா? எம்புட்டு நாள்ல ஆறும்?”

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுக்கும் விடை அறியேன்! ‘தெரியாது’ என்று சொல்ல என்ன கூச்சம் எனக்கு? காது குத்தும் துப்பாக்கியையே அந்த மெல்லிய உதட்டில் வைத்து அழுத்தினேன்.

வீட்டில் சளி என்று சொல்லி முகக்கவசத்துக்குள் மறைத்திருக்கிறாள். பிறகு போன் வந்தது. “உதடு வீங்குது சித்தி... அப்பா பாத்தா கொன்னே போடுவாக.”

“கழட்டிப் போட்டுட்டு மஞ்சள் வை” என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

மனம் கேளாமல் மறுநாள் அக்காள் ஊரான ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது வீடே அலறிக்கொண்டிருந்தது. காய்ச்சலோடு காட்டுக்குப் போன சுகன்யா சோளத்துக்குள் மயங்கி விழுந்திருந்தாள். கழுத்துவரை வீக்கம். உதட்டின் கீழ் இரண்டு புள்ளிகள்.

“பாம்பு கொத்திருச்சே!” அக்காள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாமே!

“பாம்பை யாராவது பார்த்தீங்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

“பல்லுப் பட்ட தடம் இருக்கே ஐயா!” என்றாள் அக்காள். அத்தான் என்னைப் பார்த்தார். எதுவும் தெரிந்து பார்க்கவில்லை. ஆனாலும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

சுகன்யா என் மணிக்கட்டைப் பற்றினாள். அவளால் பேச முடியவில்லை. சொல் என்றாளா... சொல்லாதே என்றாளா? எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

விஷமுறிவு மருந்து ஏறியது. சற்று நேரத்தில் உடலெங்கும் தடிப்பு. மூச்சு இழுத்தது. கண்கள் மேலே செருகின. நர்சுகள் ஓடினார்கள். நான் சுவரோடு சுவராக நின்றேன். அப்போதும்... அப்போதும் சொல்லவில்லை!

பிழைத்துக்கொண்டாள். “இந்த மருந்து இவளுக்கு ஒத்துக்கலை. இனி ஒருக்கா பாம்பு கடிச்சா, ரொம்ப யோசிச்சுத்தான் இதைக் கொடுக்கணும்” என்றார் மருத்துவர். கடிக்காத பாம்புக்கு அப்பால், கடிக்கப்போகும் பாம்பொன்றை அன்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.

சுகன்யா அப்பாவுக்குப் பயந்து இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பேசுவதில்லை.

போன வாரம் அக்காள் போன் செய்தாள். “நம்ம சோளக்காட்டுல கண்ணாடி விரியன் ஒண்ணை அடிச்சாக. பிள்ள பக்கத்துலதான் நின்னுருக்கா... ஏட்டி, கேக்குதா?”

கேட்டது. அவளைக் கொத்தியிருந்தால், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் அந்த மருத்துவரிடமாவது உண்மையைச் சொல்லியிருப்பேனா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

“பாத்து இருக்கச் சொல்லுக்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.