இடுப்பை எடுக்காத ஸ்கேன்

லிங்கராஜபுரத்து யூனிஸ் பதினோரு வருடமாக ஒரே ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. வருகிறவர்களைப் படுக்கவைத்து, காலுக்கடியில் பெட்டியை வைத்து, அசையாமல் இருக்கச் சொல்வாள். எண் நன்றாக வந்தால், ரிப்போர்ட்டுக்கு முன்பே அவள் முகம் சொல்லிவிடும்.

அவளுக்கே முதுகுத்தண்டை இறுக்கிப் பிடிக்கும் வாதம் இருந்தது. இருபத்தெட்டு வயதில் வந்தது. காலையில் குனிந்து செருப்பு மாட்டுவதற்கே அரைமணி ஆகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கூட வேலை செய்யும் மகா அவளையும் அதே மேசையில் படுக்கவைத்து ஸ்கேன் எடுப்பாள். சென்டரை நடத்தும் டாக்டர் சுதீர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

"உன் முதுகெலும்பு என்னுதைவிட ஸ்ட்ராங்கா இருக்கும்மா. எலும்புக்குன்னு தனியா மருந்து எதுக்கு?" என்றார் போன தடவை.

"சார், இடுப்பும் எடுத்துப் பாக்கலாமா? ரெண்டும் எடுக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

"டைம் ஆகுதுன்னுதானே இடுப்பை நிறுத்தினோம். ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

யூனிஸ் சிரித்துவிட்டு எழுந்துகொண்டாள். நோய் முற்றி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது வேறு ஆள் எடுக்காமல் அவளுக்காக வேலையை வைத்திருந்தவர் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போன ஜூனில் ஒரு நாள் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. கடைசி சீட்டில் எல்லோரும்தான் தூக்கிப் போடப்பட்டார்கள். மற்றவர்கள் டிரைவரைத் திட்டிவிட்டு அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போனார்கள். யூனிஸால் எழுந்திருக்கவே முடியவில்லை. முதுகெலும்பு ஒன்று உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் வாத நோய் டாக்டர் இளவேனில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார்.

"நீங்களே மெஷின் ஓட்டறவங்க, நேராவே சொல்றேன். இந்த நோய் உள்ளுக்குள்ள எலும்பைக் கரைக்கும். அதே சமயம் ஓரத்துல, வேண்டாத இடத்துல, புது எலும்பை வளர்க்கும். அதையும் சேத்து எண்ணித்தான் மெஷின் நல்ல நம்பர் காட்டியிருக்கு. முதுகுல அது பொய். இடுப்புலதான் நிஜம் தெரியும். இடுப்பு ரிப்போர்ட் எங்க?"

அன்றே அங்கே இடுப்பை எடுத்தார்கள். திரையில் வந்த எண்ணை அவளுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு சென்டருக்குப் போனாள். சுதீர் அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"சார், இந்த நோய்க்காரங்களுக்கு முதுகு நம்பரை நம்பக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். "தெரியும். ஆனா எல்லாருக்கும் உடையறதில்லையே யூனிஸ்."

"நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா நீ எல்லாருக்கும் இடுப்பு எடுக்க ஆரம்பிச்சிருப்ப."

பஸ்ஸில் விழுந்த அடியைவிட அது வலித்தது. அவர் அவளைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார். தெரிந்துதான் மறைத்திருந்தார்.

யூனிஸ் தன் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதே நோய்க்காக ஸ்கேனுக்கு வந்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்தாள். தன் போனிலிருந்தே கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் மர்பி டவுன் கணேசமூர்த்தி.

"இடுப்பு ஸ்கேன் ஒண்ணு எடுக்கணும்ங்க. முதுகுல எடுத்தது மட்டும் பத்தாது."

"எலும்பு நல்லா இருக்குன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

கணேசமூர்த்தி லைனைத் துண்டித்தார். மகா பக்கத்தில் வந்து நின்று, பட்டியலின் பாதியைத் தன் போனில் கூப்பிடத் தொடங்கினாள். சுதீர் அறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த வாரமே யூனிஸ் வேலையை விட்டாள். இப்போது எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். சுதீர் இரண்டு முறை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.