முன்னூறு முத்து

பெங்களூருக்கு வந்த பிறகு மழையைத் திட்டக் கற்றுக்கொண்டேன். சாத்தூர்க் கரிசலில் பிறந்து, மேகம் கறுத்தால் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் நான். இங்கே லிங்கராஜபுரத்தில், இரண்டாம் மாடி வாடகை வீட்டில், வானம் லேசாக மூட்டம் போட்டாலே "வந்துட்டியா, ஒனக்கு வேற வேலையே இல்லையா" என்று ஜன்னலைச் சாத்துகிறேன். ஈரக்காற்று பட்டால் என் முத்துகளுக்கு வியர்த்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் முகவரி அனுப்பினால், மழையை அங்கே திருப்பிவிட நான் தயார்.

முத்து என்றால் கடல் முத்து இல்லை. கேக் மேல் வைக்கிற சர்க்கரை முத்து. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைப் பிசைந்து, கயிறாகத் திரித்து, சோளமாவு தூவிய சிலிக்கான் மோல்டின் குழிகளில் அழுத்த வேண்டும். மேலே வழிவதைக் கத்தியால் வழித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மோல்டைப் பின்பக்கமாக வளைத்தால் சரம்சரமாக வந்து விழும். பிறகு மினுக்குப் பொடி தடவ வேண்டும். "சீனி உருண்டை உருட்டவா பெங்களூரு போனா?" என்று என் ஓர்ப்படி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, கேட்டதாகத் தகவல் வந்தது. கேட்பார். சாத்தூரில் அவரோடு பத்து வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தவள் நான். பால் காய்ச்சக்கூட அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நான் குக்கரில் செய்த முதல் கேக்கை "மேலே கருகல், உள்ளே களி" என்று சொல்லி மாட்டுக்கு வைத்தார். மாடு ரசித்துத் தின்றது.

அந்த அடுப்படிக்குத்தான் என்னைத் திருப்பிக் கூட்டிப்போகப் பார்த்தார் என் வீட்டுக்காரர். அவர் வேலை பார்க்கிற குடோன் கம்பெனி விருதுநகரில் கிளை திறந்திருந்தது. "பெரிய ஆர்டரா ஒண்ணு வந்து ஒழுங்கா முடிஞ்சா இங்கயே இருப்போம். இல்லைன்னா மாத்தல் எழுதிக் குடுத்துருவேன், அப்புறம் அழக்கூடாது" என்றார். அழுகிற ஆள் நான் இல்லை.

அந்தப் பெரிய ஆர்டர் வைட்ஃபீல்டில் பணக்கார அடுக்குமாடி ஒன்றிலிருந்து வந்தது. அங்கே கல்யாண நாளுக்கு வருஷப்படி ஒரு பொருள் உண்டாம், முப்பதுக்கு முத்தாம். எங்கள் பக்கம் முப்பதாவது கல்யாண நாள் எது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ரிட்டயரான கன்னடக்காரர் ஒருவர் ஃபோன் செய்தார். மூன்றடுக்குக் கேக், மூன்றிலும் முத்து வேண்டும். இங்கிலீஷில்தான் தொடங்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறோமே என்று, காய்கறி வண்டியில் கற்ற கன்னடத்தை அவரிடம் எடுத்து விட்டேன்.

"நானே கையாரெ மாடி, முன்னூறு முத்து கொட்தீனி சார்."

என் கையாலேயே செய்து முன்னூறு முத்து தருகிறேன் என்றேன். மறுமுனையில் ஃபோன் கைமாறியது. பிறகு ஒரு பெண் குரல், "யாரம்மா நீனு?" என்று கேட்டது. ஃபோன் கட்டாகிவிட்டது.

கீழ்வீட்டு ஸ்டெல்லாக்கா மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழச்சி, பள்ளிக்கூட டீச்சர். ஓடிப் போய்க் கேட்டேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கன்னடத்துல முத்துன்னா முத்தமும்தான்மா. முத்து ஹாக்தீனின்னு சொல்லிருந்தா கேக் மேல வெக்கிறது. நீ இன்னா சொன்னே? கொட்தீனின்னே. அந்த மனுசனுக்கு முன்னூறு முத்தம் தரேன்னுட்டே."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. இனி சாத்தூர்தான் என்று கண்முன்னே அந்த அடுப்படி வந்து நின்றது. திரும்பவும் ஃபோன் செய்தேன். அந்த அம்மாவே எடுத்தார். தப்பு, தப்பு என்று பதறி, "மேடம், அது சக்கரே முத்து, பாயல்லி கரகத்தே" என்றேன். சர்க்கரை முத்து, வாயில் கரையும். சொல்லி முடித்த பிறகுதான் இது முன்னதைவிட மோசம் என்று உறைத்தது.

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து ஓய்ந்து, "மூவத்து வர்ஷதல்லி நானே அஷ்டு கொட்டில்லம்மா" என்றார். முப்பது வருஷத்தில் நானே அவ்வளவு கொடுத்ததில்லையாம். ஆர்டர் நிலைத்தது.

கேக்கை எடுத்துக்கொண்டு போன அன்று, அந்த அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி என் கையிலிருந்த கேக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேக்கை ஒரு பையன் குடியிருப்போர் லிஃப்டில் கொண்டு போனான். என்னைச் சாமான் ஏற்றுகிற லிஃப்டில் அனுப்பினார்கள். பன்னிரண்டாவது மாடியில் நானும் கேக்கும் மறுபடியும் சந்தித்துக்கொண்டோம். ஒரு முத்துகூட உதிரவில்லை. அந்த அம்மா என் தோளில் கைபோட்டு எல்லாரிடமும் என் கன்னடத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புதான் அடுத்த ஆர்டரைக் கொண்டுவந்தது. விருந்துக்கு வந்திருந்த அடுக்குமாடி அசோசியேஷன் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நவம்பர் முதல் தேதி, கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்குப் பெரிய கேக், அதன் மேல் கன்னடக் கொடி மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக முத்து வைத்து 'கன்னட' என்று கன்னட எழுத்தில் எழுத வேண்டும்.

"கன்னடா பரியோக்கெ பருத்தா?" என்றார். எழுத வருமா?

"பருத்தே சார்", வரும் என்றேன். கன்னட போர்டைப் படிக்கத் தெரியாமல் பஸ்சில் நம்பரைப் பார்த்து ஏறுகிறவள் நான்.

வீட்டுக்காரர் மாற்றல் பேச்சை விட்டுவிட்டார். "இருந்துக்கோ, ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியலைன்னாலும் பொய் சொல்லத் தெரியுது" என்றார். அன்றைக்கு மத்தியானம் ஸ்டெல்லாக்கா முதல் எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதித் தந்தார். பலகையில் வெள்ளை ஃபாண்டன்டை விரித்து, மஞ்சள் முத்துகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்தேன். ஜன்னல் பக்கம் ஒரு கண், மழை வருகிறதா என்று. பதினைந்து முத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பலகையில் இருந்தது நம்ம தமிழ் க.

இடுக்கியால் பிடுங்கினேன். பிடுங்கிய முத்தில் கீறல் விழுந்துவிடும், திரும்ப வைக்க முடியாது. எறியவும் கை வரவில்லை. ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தின்று தீர்த்தேன், மேல் கோட்டிலிருந்து கடைசி வளைவு வரைக்கும். பிறகு தாளைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அவர்கள் எழுத்தைத் தொடங்கினேன்.