மொய்க்குப் பதில் க்ளிக்

ராசிபுரத்தில் ஒரு ப்ரௌசர் கம்பெனி என்றால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அங்கே ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டது நான்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "ப்ரௌசரைச் சும்மா குடுக்கறோம், அப்பறம் சம்பளம் எங்கிருந்துங்க மேடம் வருது?"

தேடல் பெட்டியிலிருந்து வருகிறது. நம் ப்ரௌசரில் ஒருவர் எதையாவது தேடினால், அது ஒரு பெரிய தேடுபொறிக்குப் போகும். அங்கே வரும் விளம்பரத்தை அவர் தொட்டால், அந்தக் காசில் நமக்கும் ஒரு பங்கு. வேறு வருமானம் கிடையாது.

அந்த ஒரே ஒப்பந்தத்துக்கு எங்கள் முதலாளி குமரேசன் தன் மகள் கல்யாணத்தில் வேட்டு வைத்தார். மைக்கைப் பிடித்து, "யாரும் மொய் வெக்க வேண்டாமுங்க. நம்ம ப்ரௌசரைப் போன்ல ஏத்தி, என்னத்தையாச்சும் தேடி, வர்ற விளம்பரத்தத் தொடுங்க. அதுவே எனக்கு மொய்!" என்றார்.

நான் பந்தியில் இருந்தேன். எடுத்த மைசூர்பாகை இலையிலேயே வைத்துவிட்டேன். விளம்பரத்தைத் தொடும்படி யாரையும் கேட்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தத்தின் முதல் விதி.

மொய் விஷயத்தில் நம் சனம் குறை வைக்குமா? மண்டபத்து வைஃபையில் மொத்தக் கூட்டமும் தொட்டது. முதலாளியின் மாமன் பொன்னுசாமி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓனர், பல்செட் விளம்பரத்தைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை எங்கள் பங்கை நிறுத்திவிட்டார்கள். தேடுபொறிக் கம்பெனி அதிகாரி, ஒரு மதுரைக்கார அம்மா, வீடியோவில் வந்தார். "ஒரே இடத்துல இருந்து இத்தனை க்ளிக். என்ன சார் மோசடி இது?"

"மோசடி இல்லீங்க, மொய்ங்க," என்றார் முதலாளி.

விவரம் கேட்டதும் அந்த அம்மா சட்டென்று கேமராவை அணைத்தார். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்த க்ளிக் எல்லாத்தையும் கழிச்சிடுறோம். இன்னொரு தடவை நடந்தா ஒப்பந்தம் ரத்து," என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

க்ளிக்கைக் கழித்த சேதி மாமன் காதுக்குப் போய்விட்டது. "மொய்யத் திருப்பி உட்டுட்டீங்களா? அப்ப ஒறவே வேண்டாம்னுதான அர்த்தம்?" என்று போனில் கத்தி, ப்ரௌசரை அழித்தார். பங்காளிகளையும் அழிக்க வைத்தார். முதலாளி பழத்தட்டோடு ஓடினார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

"கோவிச்சுக்காதீங்க மாமா. மொய்யின்னு தொடாதீங்க. உங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா மட்டும் நம்மளுதுல தேடுங்க, போதும்."

மாமன் கோபத்தை மறந்து யோசித்தார். நிஜமாகவே வெகுநேரம் யோசித்தார். "எனக்கு என்ன மாப்பள வேணும்? எல்லாந்தான் இருக்குதே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதனால்தான் புதுப் பிள்ளைகளிடம் சொல்கிறேன்: நம்மேல் பிரியமுள்ளவர்களை நம்பி இந்தக் கடையை நடத்த முடியாது. ஏதோ ஒன்று இல்லாமல் தேடி வருகிறவர்தான் நமக்குச் சோறு போடுகிறார். முதலில் அவருக்கு அது கிடைக்கட்டும்.