அட்டையில் இருந்த கறுப்பு முடி

முப்பத்திரண்டு வயதிலேயே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. மலாயாவில், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறார்கள் என்றதும் என் கணவர் ஒரு பொட்டலம் தலைச்சாயம் வாங்கி வந்தார். பொடியைத் தண்ணீரில் குழைத்தால் முதலில் பழுப்பாகத்தான் இருக்கும். பூசி, காற்றுப்பட்டு ஊறிய பிறகே கறுக்கும். படத்தில் என் முடி நல்ல கறுப்பாகவே விழுந்திருந்தது.

இரண்டு வாரத்தில் அடிமுடி வெளுத்தது. மறுபடி பூசினேன். சில மாதங்களில் காதோரம் கொப்புளித்து நீர் வடிந்தது. விட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று தினமும் காலையில் வாசலில் சோதனை. ஒருநாள் காவலுக்கு வந்த புது ஆள் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது உன் தங்கச்சியா, மகளா?" என்று மலாயில் கேட்டான்.

ஓரமாக உட்காரவைத்துவிட்டான். வெயில் ஏறிய பிறகுதான் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். "நம்ம ஆளுதான்லா. சாயம் பூசுறத விட்டுடுச்சு," என்றார். நேரம் கடந்து வெட்டியதால் அன்று என் மரங்களில் பால் சரியாக இறங்கவில்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் அட்டைக்குப் புதுப்படம் கேட்டேன்.

"மனு போடணும், கோலசிலாங்கூருக்குப் போகணும். எத்தன மாசமாகுமோ. அதுவரைக்கும் படத்துல இருக்கிற மாதிரியே இரும்மா," என்றார்.

வாதாட எனக்குத் தெம்பில்லை. மனுவைப் போட்டுவிட்டுத் திரும்பவும் பூச ஆரம்பித்தேன். காதோரத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் அங்கே சாயம் அவ்வளவாகப் பிடிக்காது, எரிச்சலும் குறைவு. பூசிய பின் இரண்டு நாள் சீயக்காய் போடமாட்டேன். வெயிலில் செம்பட்டையாகாமல் இருக்கத் துணி கட்டிக்கொள்வேன். குழாயடியில் பெண்கள், "இந்த நேரத்துல இவளுக்கு மினுக்கு," என்றார்கள். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. அரிப்பு மட்டும் போகவேயில்லை.

ஒரு வருடத்துக்கு மேலாகி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் வரச் சொன்னதால் சாயத்தை நிறுத்தி, நரை வெளிவந்த தலையோடு பஸ் ஏறிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். புது அட்டையைக் காவல்காரன் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

மிச்சமிருந்த பொட்டலத்தைப் பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனுக்குக் கேட்டாள். முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவி ஒருநாள் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.