நண்டு பாட்டில்களும் ஒரு பிஸ்கட் டின்னும்

மாமா செத்துப்போனதைக்கூட ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். அதற்குப் பன்னிரண்டாம் நாள் நான் செய்த காரியத்தைத்தான் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவிடம் இதைச் சொன்னால், "சின்னப் புள்ள, ஒனக்கென்னா தெரியும், வுடு" என்பார். எனக்குத் தெரியாமல் போனதுதானே என் வருத்தமே.

மாமா, அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் விலங்கியல் பேராசிரியர். வகுப்பு இல்லாத நாளெல்லாம் பிச்சாவரத்துச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி நண்டு தேடுவார். தின்கிற நண்டு இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும், ரசத்துக்குக்கூட ஆகாது. எங்கள் சொந்தக்காரர்கள் புவனகிரிப் பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிறவர்கள். சேற்றில் இறங்கத்தான் இவ்வளவு படித்தாயா, அதற்கு நம் வயலே போதுமே என்று கேலி செய்வார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். படகுக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர்வரை எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கு அவர்கள் எல்லாரையும்விட ஜாஸ்தியாகப் பிடிக்கும். லீவு விட்ட அன்றைக்கே கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏற வேண்டும் என்று அடம்பிடிப்பேன்.

அவர் வீட்டுப் பின்னறை முழுக்க பாட்டில்கள். நூற்றுச் சொச்சம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட், அதற்குள் ஒரு நண்டு, நண்டோடு சேர்ந்து மிதக்கிற ஒரு சின்னச் சீட்டு. எந்த இடத்தில், எந்தத் தேதியில் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். மை கரைந்துவிடும் என்று பென்சிலால்தான் எழுதுவார். ஒருநாள், அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு பாட்டிலைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டார். பதறி நின்றவரிடம் மாமா நிதானமாகச் சொன்னார்: "பாட்டிலு போனா போவுதும்மா. மொதல்ல சீட்ட எடு. சீட்டு போச்சுன்னா எல்லாம் போச்சு." நான் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மாமாவுக்கு ஒரு நண்டு அகப்பட்டிருந்தது. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத நண்டு என்று வீடே பேசிக்கொண்டது. பார்ப்பதற்கு என்னவோ மற்ற நண்டுகளைப் போலத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அக்காவோடு சேர்ந்து எழுதி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு மத்தியானம் சேற்றில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். படகுக்காரர் கரை சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடத்தில் கிடத்தியபோது அவர் கால் நகங்களுக்குள் சேறு இருந்தது. அத்தை அழவில்லை. ஈரத்துணியால் அந்த நகங்களையே துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள், வரப்போகிற கருமாதிக்கு ஆகவேண்டியதைப் பேச உட்கார்ந்தார்கள். மாமாவின் அண்ணன், என் பெரிய மாமா, பின்னறையைக் காட்டினார். "செத்ததையெல்லாம் வூட்ல வச்சிகிட்டு எப்புடித் தீட்டு கழிக்கிறது? காலைல ஆள வுட்டு அள்ளிகினு போயி வெள்ளாத்துல கொட்டிருவோம்." அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா சொன்னது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. பெரியவர்கள் துணி எடுக்கக் கடைவீதிக்குப் போனதும் பின்னறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். மாமாவின் இடுக்கியை எடுத்து ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து சீட்டை எடுத்தேன். ஸ்பிரிட் நெடியில் கண் எரிந்தது. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் நியூஸ்பேப்பரில் பரப்பிக் காயவைத்து, காலி பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். பாட்டில்களை ஒழுங்காக மூடியும் வைத்தேன். பொறுப்பான பிள்ளை. மாமாவைக் காப்பாற்ற முடியவில்லை, சீட்டையாவது காப்பாற்றிவிட்டேன் என்று இருந்தது.

விடிந்ததும் ஆட்கள் கோணியோடு வந்தார்கள். பன்னிரண்டு நாளாக வாய் திறக்காத அத்தை எழுந்துபோய்ப் பின்னறை வாசலில் நின்றுகொண்டார். "அண்ணி, அவுங்கள போவச் சொல்லுங்க. யாரும் ஒண்ணயும் தொடக்கூடாது. அவுரு பேரு நெலைக்கணும்னா இதுங்கதான் இருக்கு" என்றார் அம்மாவிடம். பெரிய மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அக்காவுக்கு போன் போட்டார்.

அக்கா மத்தியானமே வேன் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு வேகவேகமாகப் பத்துப் பதினைந்து பாட்டில்களை எடுத்துப் பார்த்துவிட்டு, "சீட்டெல்லாம் எங்க?" என்றார். நான் ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்து நீட்டினேன். "நான்தான் எடுத்து வச்சேன். ஒண்ணுகூட தொலையல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டின்னைத் திறந்து சீட்டுகளை விரலால் புரட்டினார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அவர் அழ ஆரம்பித்தார். மாமாவின் கையெழுத்தைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"எல்லாம் செரியா இருக்காம்மா?" என்று அத்தை கேட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் இருக்கும்மா" என்றார்.

எந்தச் சீட்டு எந்த நண்டுக்கு உரியது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் எரிந்துபோயிருந்தார். எங்கே, எப்போது பிடித்தது என்று தெரியாத நண்டுக்கு யாரும் பெயர் வைக்க மாட்டார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளாற்றில் கொட்டியிருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். அந்த நண்டுக்குப் பெயர் வைத்துவிட்டதாக ஏதாவது கடிதம் வருமா என்று அத்தை சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேன் கிளம்பும்போது அக்கா டின்னிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இத நீ வச்சுக்க." பிச்சாவரம் என்று மாமாவின் எழுத்தில் எழுதியிருந்தது. நான் செய்த நல்ல காரியத்துக்குப் பரிசு என்று சந்தோஷப்பட்டேன். அதில் ஒன்று குறைந்தாலும் இனிக் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பதால்தான் கொடுத்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.