உயிரோடு இருந்தவருக்கு எள்ளும் தண்ணீரும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியதில்லை. சூரத்தில் சாயப்பட்டறை, கோவாவில் மீன் பெட்டி ஏற்றும் வேலை, நெல்லூரில் லாரி கிளீனர் என்று அலைந்தேன். இடுப்பு போன பிறகுதான் கவரைப்பேட்டைக்குத் திரும்பினேன். இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பைக் காய்ச்சிக் கம்பி உருட்டும் மில்லில் கான்ட்ராக்ட் ஆள்.

அன்று காலை ஷிப்ட் முடித்து வந்து கைக்கரியைக்கூடக் கழுவியிருக்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டியவர் எங்கள் தெருக்காரர்.

"சயாம்காரர் ஊடு எங்கன்னு ஸ்டேஷனாண்ட கேட்டுகினு நின்னாங்க. மலேசியாவாம். உஷாரா இருப்பா, சொத்துல பங்கு கேக்கப் போறாங்க."

"இன்னா சொத்து? இந்தக் கூரை ஷீட்டுல பாதிய ஒட்ச்சி குடுத்துட்டா போச்சு" என்றேன்.

இறங்கிய பெண்ணுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கால் வலி போல, படியில் கை ஊன்றித்தான் ஏறினார்.

சயாம்காரர் என்பது என் தாத்தா. போர்க்காலத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். கூடவே மனைவியும் ஐந்து வயது மகனும் போனார்கள். ஊருக்குத் திரும்பியது அவர் மட்டும். இங்கே வந்து இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அதில் பிறந்தவர் என் நைனா. தாத்தா போய் எத்தனையோ வருடமாகிறது, வீட்டுக்கு அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சித்தப்பா" என்றார்.

நைனாவை அப்படிக் கூப்பிட உலகத்தில் யாரும் கிடையாது. நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க அண்ணன் மக நான்."

"எனக்கு ஒரே அண்ணன்மா. அவரும் சயாம்லயே போயிட்டாரு."

"இல்ல சித்தப்பா. போன வருசந்தான் போனாங்க. பினாங்குல."

போனில் படம் காட்டினார். கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒரு கிழவர். நைனா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "காது எங்கப்பா காது" என்றார்.

அந்த அக்கா சொன்னதில் பாதி எங்களுக்குத் தெரிந்த கதைதான். காலரா வந்தவர்களை ஒரு மூங்கில் கொட்டகையில் போட்டார்கள். தாயும் பிள்ளையும் அதில் கிடந்தார்கள். தாத்தாவைப் பாலம் கட்ட மேலே உள்ள முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது கொட்டகையே இல்லை, ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாதது, கொளுத்துவதற்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் பையனுக்கு மூச்சு இருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது. அவள்தான் மலாயாவுக்குக் கொண்டுபோய் வளர்த்தாள்.

"தோட்டத்துக்குப் புது ஆளு வந்தா அவங்க அப்பாவான்னு அப்பா ஓடிப்போய் மூஞ்சியப் பாப்பாங்களாம். பெரியாளா ஆனப்புறமும் பாத்தாங்க. கவரைப்பேட்டைங்கற பேரு மட்டும் மறக்கல. சாகற வரைக்கும் ஒண்ணுதான் கேட்டாங்க, அவரு என்னைத் தேடுனாரான்னு. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

நைனா பொய் சொல்லியிருக்கலாம். தேடினார், கிடைக்கவில்லை என்றால் அந்த அக்கா அழுதுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். நான் கண்ணைக் காட்டினேன். நைனா கவனிக்கவில்லை.

"தேடலமா. செத்துட்டான்னு நெனச்சி, ஊருக்கு வந்த மொத அமாவாசைலேர்ந்து திருவள்ளூர் குளத்துல ரெண்டு பேருக்கும் எள்ளும் தண்ணியும் உட்டாரு. ஒரு அமாவாசை தப்பல. அவருக்கப்புறம் நான் உடறேன்."

"உயிரோட இருந்தவருக்கா?"

"ஆமா. உயிரோட கீறவனுக்கு எள்ளு எறைக்கக் கூடாது. பெரிய பாவம். அவரு ஆயுச நாங்களே கொறச்சிட்டமாம்மா?"

"எண்பதத் தாண்டித்தான் போனாங்க. உங்க தண்ணி ஒண்ணும் பண்ணல" என்றார் அக்கா. சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு கேட்டார்: "சாம்பலத்தான பாத்தாரு? எங்கப்பாவப் பாத்தாரா?"

நானும் நெருப்புப் பக்கம் வேலை செய்கிறவன்தான். சாம்பலைக் கிளறி ஆளைத் தேடு என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அந்த அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. தகப்பனைத் தேடி அவர் அப்பா ஓடிப்போய்ப் பார்த்த முகங்களையும் நினைக்க வேண்டியிருந்தது.

சோறு சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது நைனாவின் கையைப் பிடித்து, "எங்கப்பாவுக்கு இனிமே விடாதீங்க சித்தப்பா. பிள்ளை வேற யாருமில்ல, நானே செஞ்சிக்கறேன். இத்தனை வருசம் நீங்க விட்டது எல்லாம் அவருக்கு இல்ல" என்றார்.

"சரிம்மா" என்றார் நைனா. கோபமில்லை. மூட்டையை இறக்கி வைத்தவர்போலவும் இல்லை. எதையோ பிடுங்கிக்கொண்டவர்கள் முன்னால் நிற்பதுபோல நின்றார். முகம்கூடப் பார்க்காத அண்ணனோடு அவருக்கு இருந்த ஒரே உறவு அந்தத் தண்ணீர்தான்.

அடுத்த அமாவாசைக்கு முதல் தடவையாக நானும் கூடப் போனேன். பெரியபாளையத்தில் பஸ் மாறி, நின்றுகொண்டே பயணம். குளக்கரையில் வெயிலும் கூட்டமும், வேண்டுதலுக்குக் குளத்தில் கரைக்கும் வெல்லத்தை மொய்க்கும் ஈயும். ஐயருக்கு நைனாவைப் பல வருடமாகத் தெரியும். தாத்தாவுக்கு ஆயிற்று, சயாமில் போன அவருடைய முதல் மனைவிக்கு ஆயிற்று. கேட்காமலே அடுத்த எள்ளை நீட்டினார்.

"அண்ணாவுக்கு."

நைனா கையை மூடிக்கொண்டார்.

"அவருக்கு வேணாம் சாமி. அவருக்குப் பொண்ணு கீது."